ஓரா தொடாத பாசியில் தெள்ளுக்கு என்ன வேலை?

கேள்வி

ஐயா, நான் நயினாதீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடல் வற்றியிருந்த நேரம் பார்த்து, தரம் 8 பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் கல்லோடு ஒட்டி நின்ற மண்ணிறப் பாசி ஒன்றை ஒரு பிடி பிடுங்கி, வெள்ளை வாளியில் போட்டு உலுப்பினோம். நூற்றுக்குக் குறையாத பூச்சிகள் கொட்டுண்டன. பார்க்கக் கூனி இறால் மாதிரி, ஆனால் இரண்டு பக்கமும் நசுங்கினவை. அரிசி மணியிலும் சின்னன். துள்ளித் துள்ளி ஓடியதால் பிள்ளைகள் 'தெள்ளு' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாசி நாடா போலத் தட்டையாக, ஒவ்வொரு நுனியும் இரண்டிரண்டாகக் கவர் விட்டு இருந்தது.

கூடு வைத்து ஓரா மீன் பிடிக்கும் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "ரீச்சர், இந்தப் பாசியைக் கூட்டுக்குள்ளை வைச்சால் ஓரா ஏறாது எண்டு அப்பா சொல்லுறவர். இது கைக்குமாம். அப்ப இந்தத் தெள்ளு மட்டும் எப்பிடி இதுக்குள்ளை கிடக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெள்ளு இந்தப் பாசியைத் தின்கிறதா, சும்மா ஒளிந்திருக்கிறதா? மீனுக்கு ஆகாதது அதற்கு மட்டும் எப்படி ஆகிறது? இதைப் பாடசாலையிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? கயிற்றில் பாசி வளர்க்கும் ஒருவர், தன் பாசியிலும் இந்தப் பூச்சி இருக்கிறது, மருந்தடிக்கலாமா என்று கேட்கிறார். பிள்ளைகள் இதையெல்லாம் கையால் தொட்டதால் ஏதும் கெடுதி வருமோ என்றும் பெற்றோர் கேட்கிறார்கள்.

(விஞ்ஞான ஆசிரியை, நயினாதீவு)

பதில்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் நிம்மதியாக இருக்கட்டும். தொட்டதால் ஒன்றும் வராது. கையைக் கழுவினால் போதும். தின்னும் விஷயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பையனின் தகப்பனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எந்தப் பாசியை வைத்தால் ஓரா ஏறும், எதை வைத்தால் ஏறாது என்று அவர் சொல்வது ஒரு பரிசோதனையின் முடிவு. அதே கடல், அதே கூடு, அதே மீன். மாறியது பாசி மட்டும். 1980களில் கடற்பாசிகளின் இரசாயனத் தற்காப்பை ஆராயப் புறப்பட்டவர்கள் பவளப்பாறைகளில் செய்ததும் இதுதான். கயிற்றின் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி, பலவகைப் பாசித் துண்டுகளை வரிசையாகச் செருகி, கடலுக்கடியில் கட்டிவிட்டு, சில மணித்தியாலம் கழித்து எது மிஞ்சி நிற்கிறது என்று பார்த்தார்கள். நம் தீவுகளில் கூடு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக மனதில் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை. உங்கள் பிள்ளைகள் எழுதட்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் பாசி டிக்டியோட்டா. மண்ணிறப் பாசிகளில் அப்படி நுனிக்கு நுனி சமமாகக் கவர் விடுவது அதன் குணம். 1961 இல் மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக வந்த எம். துரைரத்தினத்தின் இலங்கைக் கடற்பாசிகள் பற்றிய ஆய்வு ஏதாவது நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். நம்மவர் ஒருவர் இந்தக் கரைகளின் பாசியை இனம் இனமாகப் பிரித்து எழுதிய வேலை அது. தெள்ளின் விஞ்ஞானப் பெயர் அம்பிபொட். நண்டு, இறால் சேர்ந்த ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது, பூச்சி அல்ல. இது ஓட்டுடலி என்பதை மனதில் வைத்திருங்கள், மருந்துக் கேள்வி வரும்போது தேவைப்படும்.

டிக்டியோட்டா ஏன் கைக்கிறது? அதன் கலங்களுக்குள் டைதேர்ப்பீன் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. கர்ப்பூரத்தின் வாசமும் வேப்பம் விதையின் கசப்பும் இதே தேர்ப்பீன் பெருங்குடும்பத்துச் சரக்குகள்தான். தரையில் மரம் செடி செய்கிற வேலையைக் கடலில் பாசி செய்கிறது. ஓட முடியாது, முள்ளும் இல்லை. வாயில் வைத்தவனைத் துப்பவைக்கிற ஒன்றைத் தன் உடலிலேயே காய்ச்சி வைத்துக்கொள்கிறது.

1987 இல் அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் மார்க் ஹே, எமெற் டஃபி முதலியோர், கடல் இரசாயனத்தில் பேர்போன வில்லியம் ஃபெனிக்கலுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிக்டியோட்டாவிலிருந்து பிரித்தெடுத்த டிக்டியோல் வகைப் பொருட்களை, எல்லாம் விரும்பித் தின்னும் பாசியில் பூசி, மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் அம்பிபொட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் ஒதுங்கியது. முள்ளெலி ஒதுங்கியது. அம்பிபொட் அதைப் பொருட்படுத்தவே இல்லை, தின்றது. ஆகவே உங்கள் தெள்ளு சும்மா ஒளிந்திருப்பதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது இருக்கிற வீட்டையே தின்கிறது.

இனி, ஏன்?

ஓராவின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு சாண் நீள மீனுக்கு ஒரு பாசி ஒரு வாய் இரை. கடிக்கும், பிடிக்காவிட்டால் துப்பும், அடுத்ததுக்குப் போகும். ஒரு மணித்தியாலத்தில் நூறு பாசியைத் தாண்டிப் போகும். தெள்ளுக்கு அப்படியல்ல. அரிசி மணியிலும் சின்ன உடம்புக்கு ஒரு பிடி பாசி என்பது வீடு, வளவு, வயல் எல்லாம் ஒன்றாய். கிழமைக்கணக்கில் அதிலேயே கிடக்கும். வெளியே வந்தால் எந்தக் குஞ்சு மீனும் விழுங்கிவிடும். இருக்கிற பாசியோ ஓராவுக்கு ருசியான பாசியாக இருந்தால், ஓரா வந்து பாசியைக் கடிக்கும்போது தெள்ளும் சேர்ந்து உள்ளே போய்விடும். அதனால் சின்னப் பிராணிக்கு நல்ல வீடு எது என்றால், மீன் வெறுக்கிற வீடு. பாசி மீனுக்கு எதிராகக் காய்ச்சிய கசப்பைத் தெள்ளு தன் மதிலாக ஆக்கிக்கொள்கிறது. கசப்பைத் தாங்கத் தெரிந்த தெள்ளு பிழைக்கிறது, பெருகுகிறது. தாங்கத் தெரியாதது ருசியான பாசிக்குப் போய் ஓராவின் வயிற்றில் முடிகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உவமை உங்கள் பாடசாலை வேலியிலேயே நிற்கும். எருக்கலையை ஆடு கடிக்காது, மாடும் கடிக்காது. ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழு ஒன்று பாலோடு சேர்த்து இலையைக் கொறித்துக்கொண்டிருக்கும். செம்மஞ்சள் செட்டையில் கறுப்புக் கரை போட்ட வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மேலே சொன்ன 1987 ஆய்வும் இதையே கேட்டது: தரையில் பூச்சிகள் வகிக்கும் இடத்தைக் கடலில் அம்பிபொட்டுகள் வகிக்கின்றனவா என்று. ஒரு வித்தியாசம் உண்டு. எருக்கலைப் புழு நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதைத் தின்ற குருவி பிறகு திரும்பிப் பார்க்காது. வட கரோலினாத் தெள்ளு அப்படிச் சேர்த்து வைப்பதில்லை. வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போட்டால் மீன் அதை ஆசையோடு தின்னும். காப்பு வீட்டில்தான் இருக்கிறது, உடம்பில் இல்லை.

கரீபியன் கடலில் இதைவிட ஒரு படி மேலே போன தெள்ளு ஒன்று உண்டு. டிக்டியோட்டாவின் நாடாவில் இரண்டு துண்டு வெட்டி, ஓரத்தை ஒட்டி, மட்டிச் சிப்பி போல ஒரு கூடு செய்து, அதற்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, போகிற இடமெல்லாம் இழுத்துக்கொண்டு திரியும். மீன் அதை வாயில் வாங்கினாலும் துப்பிவிடும். ஆய்வாளர்கள் அதைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்துக் கொடுத்தார்கள், தின்றது. கசப்பில்லாத பாசியால் கூடு செய்யவைத்துக் கொடுத்தார்கள், அப்போதும் தின்றது. 1990 இல் வந்த முடிவு இது. மீனைத் தடுத்தது கூட்டின் வடிவமல்ல, கூட்டின் சுவை.

தெள்ளு எப்படி வீடு கட்டுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணலாம். ஒரு தெள்ளை ஒரு துண்டுப் பாசியோடு வெள்ளைக் கோப்பையில் விட்டு, கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆடாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் பதறி ஓடும். பிறகு பாசியின் மடிப்பொன்றில் போய்ப் பக்கவாட்டில் படுக்கும். நடுக்காலிரண்டையும் அப்படியும் இப்படியும் தையற்காரர் போல வீசும். அந்தக் கால்களில் நூல் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. பாசியின் இரண்டு விளிம்பையும் அந்த நூலால் இழுத்துத் தைத்துக் குழாய் ஆக்குகிறது. எல்லா அம்பிபொட்டும் இதைச் செய்யாது. பாசிக்குள் வீடு கட்டும் அம்பிதோயிட் குடும்பம் செய்யும். குழாய் முடிந்ததும் தலையை மட்டும் வெளியே நீட்டி, வாசலில் இருக்கிற பாசியை முன்கைகளால் பிடித்து அரிக்கத் தொடங்கும். தன் வீட்டுச் சுவரையும் அரிக்கும். பெரும்பாலும் இரவில்தான் மும்முரம், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனுக்கு அப்போது பார்வை குறைவு.

கொட்டுண்டவற்றில் வயிற்றுக்கு அடியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ பொதி போல ஏதும் தெரிந்ததா? அது தாய். இறாலும் நண்டும் குஞ்சுகளை நீரோட்டத்தில் மிதக்க விட்டுவிடும். தெள்ளு அப்படிச் செய்யாது. முட்டையை வயிற்றுப் பைக்குள் வைத்துப் பொரித்து, தன்னைப் போலவே முழு உருவான குஞ்சை அதே பாசியில் இறக்கிவிடும். இதற்கு ஒரு பெரிய விளைவு உண்டு. குஞ்சு தாயின் பாசியிலேயே வளர்வதால், ஒவ்வொரு கரையின் தெள்ளும் அந்தக் கரையின் பாசிக்கு ஏற்றபடி பழகிப்போகிறது. எரிக் சொற்கா, மார்க் ஹே இருவரும் 2002 இல் காட்டியது இது. டிக்டியோட்டா வளரும் வட கரோலினாவின் தெள்ளு அதைத் தின்று நன்றாக வளர்ந்தது. அதே இனம், ஆனால் டிக்டியோட்டா இல்லாத வடக்கே கனெக்டிகட்டிலிருந்து பிடித்தது, அதே பாசியில் தடுமாறியது. இரண்டும் பார்வைக்கு ஒன்று. நயினாதீவின் கல்லடித் தெள்ளும் நெடுந்தீவின் தென்கரைத் தெள்ளும் ஒன்றா இரண்டா என்பது உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பெரியவராகிப் பல்கலைக்கழகத்தில் செய்யத் தகுந்த வேலை.

ஆனால் பாசி எல்லாம் ஒரே மாதிரித் தற்காத்துக்கொள்வதில்லை, சின்னப் பிராணிகள் எல்லாவற்றையும் வெல்வதும் இல்லை. நம் கடலில் உள்ள மூன்று பேரைச் சொல்கிறேன்.

கோலேர்ப்பா என்ற பச்சைப் பாசி, சின்ன முந்திரிகைக் குலை போல மணலில் படர்ந்து ஓடும். 1906 இல் சுவீடன் நாட்டு நில்ஸ் ஸ்வெடேலியஸ் இலங்கையின் கோலேர்ப்பாக்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு எழுதினார்; அவ்வளவு வகை இங்கே உண்டு. இதன் தற்காப்பை விளங்கிக்கொள்ள மரவள்ளியை நினையுங்கள். மரவள்ளியில் நஞ்சு ஒரு பெட்டியிலும் அதை விடுவிக்கும் நொதியம் வேறொரு பெட்டியிலும் இருக்கும். கிழங்கு நசுங்கும்போது இரண்டும் கலந்து சயனைட் வெளியாகும். கோலேர்ப்பாவும் இப்படித்தான். கடிபடாத வரை கோலேர்ப்பெனைன் என்ற பொருளாக அமைதியாகக் கிடப்பது, காயம் பட்ட மாத்திரத்தில் நொதியம் பட்டு, கடுமையான வேறொன்றாக மாறுகிறது. இதையும் உறிஞ்சிக் குடிக்கிற ஒருவர் உண்டு: விரல்நகம் அளவு பச்சை ஓடிலி நத்தை. ஒற்றைப் பல்லால் பாசியின் தோலைக் குத்திச் சாற்றை இழுக்கும், நஞ்சையும் தன் சளியில் சேர்த்துக்கொள்ளும். இவற்றின் கூட்டத்தில் சில, சாற்றோடு வரும் பச்சையவுருமணிகளைச் செரிக்காமல் தோலுக்கடியில் வைத்துக்கொள்வதால் இலை போலவே பச்சையாகத் தெரியும். பாசியில் இருந்தால் கண்ணுக்குப் படாது. பிள்ளைகளின் கண்ணுக்குப் படலாம்.

அடுத்தது ஹலிமெடா. காசுகளைக் கோத்த மாலை போல, தட்டையான பச்சைத் துண்டுகள் அடுக்கடுக்காக. கையால் அமுக்கினால் முறியும், ஏனென்றால் உடம்பு முழுவதும் கல்சியம் காபனேற்று. அது செத்தால் துண்டுகள் வெள்ளையாகிப் பவளமணலோடு சேர்ந்துவிடும். இந்தப் பாசி புதுத் துண்டுகளை விடுவது இரவில். இரவில் முளைக்கும் துண்டு வெள்ளையாய் மெதுவாய் இருக்கும். சுண்ணாம்பு இன்னும் ஏறவில்லை. அந்த நேரம் அதற்குக் காவல் இரசாயனம் மட்டுமே. முற்றிய துண்டைவிட இளந்துண்டில் அது பல மடங்கு செறிவாக இருக்கும். விடியும் முன் பச்சையவுருமணிகள் உள்ளே ஓடி வந்து துண்டு பச்சையாகும், பகலில் சுண்ணாம்பு ஏறும். கிளிமீன் கண் விழிக்கும்போது வேலை பெரும்பகுதி முடிந்திருக்கும். எனக்குக் கடற்பாசி உலகத்திலேயே மிகவும் பிடித்த செய்தி இது. பிள்ளை பெற்ற வீட்டில் இரவு முழுக்க விளக்கணைக்காமல் இருப்பது போல எனக்கு இது தோன்றும்.

மூன்றாவது கடல்முயல். உங்கள் பிள்ளைகள் கட்டாயம் பார்த்திருப்பார்கள். உள்ளங்கையில் கொள்ளாத கொழுகொழு உடம்பு, தலையில் காது போல இரண்டு. கையில் எடுத்தால் நாவற்பழச் சாறு போல ஊதா மையைக் கக்கும். அந்த ஊதா அது தானே செய்த நிறமல்ல. தின்ற சிவப்புப் பாசியின் நிறமி. சிவப்புப் பாசி கொடுக்காமல் பச்சைப் பாசி மட்டும் போட்டு வளர்த்தால் மை ஊதாவாக வராது. அந்த மையில் இருக்கும் ஒரு பொருள் நண்டைத் துரத்துகிறது என்பதும் சோதித்துக் கண்டதே. லோரென்சியா என்ற சிவப்புப் பாசி காய்ச்சும் கடுமையான சரக்குகளையும் கடல்முயல் தன் தோலிலும் ஈரலிலும் குவித்து வைக்கும். 1963 இல் ஜப்பானில் கடல்முயலிலிருந்து பிரித்தெடுத்து அதன் பேராலேயே அப்லிசின் என்று அழைத்த பொருள், உண்மையில் பாசியின் சொத்து என்பது பிறகுதான் தெரிந்தது. இந்துமாகடலில் உள்ள இன்னொரு கடல்முயலிலிருந்து, 1987 இல் ஜோர்ஜ் பெற்றிற் குழுவினர் டொலாஸ்டற்றின் 10 என்பதை எடுத்தார்கள். அதைப் பார்த்துச் செய்த பொருள் ஒன்று 2011 முதல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது. அதுவும் கடல்முயல் தன் சாப்பாட்டிலிருந்து பெற்றதே: நீலப்பச்சை பற்றீரியா ஒன்றின் செய்கை.

மண்ணிறப் பாசிகளில் கட்டக்கோரை என்று இராமநாதபுரக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் சொல்லும் சர்காசம் வகைக்கு வேறு வழி. தேயிலைச் சாயத்தில் நாக்கை இழுக்கும் கயர்ப்பு இருக்கிறதே, அந்த மாதிரித் தனின் பொருட்கள். குளிர்கடல் மண்ணிறப் பாசி ஒன்றில் 2000 ஆம் ஆண்டு சுவீடனில் கண்டது என்னவென்றால், சின்ன நத்தை அரிக்கத் தொடங்கினால் பாசி தனின் அளவைக் கூட்டுகிறது. அரிபடும் பாசியைத் தொட்டு வந்த தண்ணீர் பட்டாலே பக்கத்துப் பாசியும் கூட்டத் தொடங்குகிறது. மீன் கடித்துவிட்டுப் போய்விடும், பதில் சொல்ல அவகாசம் இல்லை. ஊரியும் நத்தையும் தெள்ளும் இருந்து தின்பவை. இருந்து தின்பவனுக்குத்தான் பாசி ஆறுதலாக மறுமொழி சொல்ல முடியும்.

இனிப் பரிசோதனை. பணம் தேவையில்லை, பொறுமை வேண்டும்.

முதல் வேலை இலகு. ஐஸ்கிறீம் கோப்பை இருபது எடுங்கள். புதுக் கடல்நீர் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டிக்டியோட்டாவும் ஒரு துண்டு உல்வாவும் போடுங்கள். சலாது இலை போல மெல்லிசாய்ப் பச்சையாய்க் கல்லில் ஒட்டியிருக்குமே, அதுதான் உல்வா. போடுமுன் பழஞ்சீலையில் ஒற்றி நிறுத்துக் குறியுங்கள். பத்துக் கோப்பையில் இருபது இருபது தெள்ளு விடுங்கள். மற்றப் பத்தில் ஒன்றும் விடவேண்டாம். பிள்ளைகள் "வெறுங்கோப்பை எதுக்கு?" என்று கேட்பார்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. பாசி தானாகவும் வளரும், தானாகவும் அழுகும். அந்த மாற்றத்தைக் கழித்தால்தான் தெள்ளு தின்றது எவ்வளவு என்று தெரியும். நிழலில் வையுங்கள், இரண்டு நாள் கழித்துத் திரும்ப நிறுங்கள்.

இரண்டாவது வேலையில்தான் கேள்விக்கு உண்மையான பதில். டிக்டியோட்டா பிடிக்காமல் போவது அதன் தோலின் தடிப்பாலா, சரக்காலா? இரண்டையும் பிரிக்க வேண்டும். டிக்டியோட்டாவை நிழலில் காயவைத்து (வெயிலில் போட்டால் சரக்குக் கெடும்), 2 கிராம் எடுத்து, ஆய்வுகூட எதனோலில் ஒருநாள் ஊறவிட்டு வடியுங்கள். வடித்த சாற்றை 2 கிராம் உல்வாத் தூளில் ஊற்றி, யன்னலைத் திறந்துவைத்து, எதனோல் முழுவதும் பறக்கும் வரை விடுங்கள். நெருப்புக் கிட்டவும் வரக்கூடாது. இன்னொரு 2 கிராம் உல்வாத் தூளுக்கு வெறும் எதனோலை மட்டும் ஊற்றி அதே போல உலர்த்துங்கள். கடையில் வாங்கும் அகரைச் சுடுநீரில் கரைத்து, சற்று ஆறியதும் இரண்டு தூளையும் தனித்தனியே குழைத்து, நுளம்பு வலைத் துண்டுகளில் தடவி, மேலே எண்ணெய்க் கடதாசி வைத்து அமுக்கிவிடுங்கள். இறுகியதும் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். இரண்டு வலைத் துண்டையும் ஒரே கோப்பையில் தெள்ளுகளோடு போடுங்கள். விடிய வந்து வெறுங்கண்களை எண்ணினால் போதும், தராசும் தேவையில்லை. இந்த வலை முறையைத்தான் கடல் ஆய்வாளர்கள் இன்றும் பாவிக்கிறார்கள். கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுத்த அகரில், பச்சைப் பாசித் தூளில், மண்ணிறப் பாசியின் கசப்பு. மூன்று குலமும் ஒரு சதுர அங்குல வலையில்.

மிச்சமான வலைத் துண்டுகளை அந்தப் பையனிடம் கொடுத்து, அப்பாவின் ஓராக்கூட்டில் இரண்டையும் கட்டச் சொல்லுங்கள். எந்த வலையை மீன் தொட்டது, எதை விட்டது? தெள்ளு இரண்டையும் ஒரேயளவு அரித்து, ஓரா ஒன்றை மட்டும் தின்றிருந்தால், அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதில் கண்டுபிடித்துவிட்டான். ஓராவை வெளியே எடுக்கும்போது முதுகு முள்ளுக்கு அவதானம். குத்தினால் கடுப்பு இலேசில் விடாது. அது அவனுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கயிற்றில் பாசி வளர்ப்பவருக்கு: தயவுசெய்து மருந்தடிக்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தெள்ளு பூச்சியல்ல, ஓட்டுடலி என்றேன். பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினி தெள்ளைக் கொல்லும் அதே வேகத்தில் இறால் குஞ்சையும் நண்டுக் குஞ்சையும் கொல்லும். வேர்ஜீனியாவில் கடற்புல்வெளி ஒன்றில் ஆய்வுக்காகவே கார்பரில் என்ற பூச்சிநாசினியைச் சிறுகக் கசியவிட்டுத் தெள்ளுகளை விலக்கிப் பார்த்தார்கள். புல் இலை மேல் வெளிச்சத்தை மறைக்கும் ஒட்டுப்பாசி பெருகிவிட்டது. தெள்ளும் நத்தையும் இலையைத் துடைத்துத் துடைத்துத் தருவதால்தான் புல் மூச்சுவிடுகிறது. நாம் சாதாழை என்று கரையிலிருந்து அள்ளித் தோட்டத்துக்குப் போடும் அந்தப் புல்தான் ஓராக்குஞ்சு வளரும் இடம், நண்டு ஒளியும் இடம், ஆவுளியா மேயும் இடம். 2017 இல் இழுவைமடியைச் சட்டம் தடைசெய்தும் அடிமடி உழுத தடம் இன்னும் ஆறாத இந்தக் கடலில், புல்லுக்கு மிஞ்சியிருக்கிற வேலைக்காரரையும் நாமே கொல்லக்கூடாது.

அவருடைய பாசி அனேகமாகக் காப்பாபைக்கஸ். வெளியூர்ப் பயிர் அது; கசப்புக் குறைவு, அதனால்தான் எல்லோரும் வாய்வைக்கிறார்கள். கொப்புகளின் நுனி மட்டும் கடிபட்டிருந்தால் தெள்ளின் வேலையல்ல, ஓராக்குஞ்சின் வேலை. கயிற்றைக் கொஞ்சம் ஆழமான, ஓட்டமுள்ள இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். தோல் உரிந்து நடுத்தண்டு தெரிந்தால் முள்ளெலி. கயிறு அடியில் முட்டாமல் உயர்த்திக் கட்டவேண்டும். கொப்பு வெள்ளையாகிக் கழன்றால் அது நோய். தெள்ளு முதலில் நாடுவது பாசிமேல் ஒட்டும் மெல்லிய நூற்பாசியை. மட்டாக இருந்தால் உதவி. மிதமிஞ்சினால் கயிற்றைக் கையால் உலுப்பித் தண்ணீரில் அலசினாலே பாதி போய்விடும். ஒன்று மட்டும்: கழன்ற துண்டுகளைக் கடலில் விடாமல் பொறுக்கிக் கரையில் போடச் சொல்லுங்கள். மண்டபத்துக்குப் பக்கத்துக் குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008 இல் எழுதினார்கள்.

தின்னுவது பற்றி: நம் பெரியவர்கள் தின்று பழகிய கஞ்சிப்பாசியைத் தவிர வேறெதையும், சின்னத் துண்டென்றாலும், பிள்ளைகள் சுவைத்துப் பார்க்கக்கூடாது. 1991 இல் குவாம் தீவில், வழக்கமாகத் தின்னும் கிரசிலேரியா இனப் பாசியைத் தின்ற 13 பேர் நோயாகி 3 பேர் இறந்தார்கள். கைக்கிறதா என்று அறிய நாக்கு வேண்டாம், நுளம்பு வலை இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் தெள்ளுகளை வாளியோடு கொண்டுபோய், எடுத்த அதே கல்லடியில், அதே பாசியின் மேல் ஊற்றிவிடுங்கள். இறங்குதுறைப் பக்கம் கிட்ட இருக்கிறது என்று அங்கே கொட்ட வேண்டாம். இவற்றின் குஞ்சு மிதந்து போய் வேறிடத்தில் குடியேறாது. அந்தக் கல்லில் பிறந்தவை அந்தக் கல்லுக்கே உரியவை.